நான் பார்த்திராத இரண்டு கல்லூரிகள்

உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிற தாய் தகப்பன்மார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மிஸ், எஞ்சினியரிங் படிக்க எந்த கம்பஸ் நல்லது?" கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். தொலைபேசி அடிக்கும். வாயில் முதலில் வருவதைச் சொல்லி அனுப்பிவிடலாம் போலத் தோன்றும்.

நான் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தராக இருபத்தேழு வருடம் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியில் இருந்து நான் செய்த ஒரு பிழையை மட்டும் நான் சொல்கிறேன்.

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வெளியான வாரம் அது. அந்த நாட்களில் அலுவலகம் சந்தை மாதிரி இருக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை. கிடைக்காதவர்கள்தான் வருவார்கள். மாங்கேணியிலிருந்து யோகராசா என்ற மீனவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் டிலக்சனா கணிதப் பிரிவில் இரண்டாம் முறை எழுதியவள். பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டிருந்தாள். மூன்றாம் முறை எழுதும் எண்ணம் அவளுக்கு இல்லை.

யோகராசா வழவழப்பான ஒரு வண்ணப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். கொழும்பில் நல்ல பெயரெடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் புத்தகம். நாலு வருடப் படிப்பு, முடிவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம்.

"இதுல சேக்கப் போறன் மிஸ். போட்டையும் எஞ்சினையும் விக்கப் போறன். கல்குடாவுல ஒராள் கேட்டு வச்சிருக்கார், ஞாயித்துக்கிழம வாறாராம். முதல் வருசத்துக்கு அது காணும்."

"மறுகா மத்த வருசங்களுக்கு?"

"ஆக்கள்ற போட்டுல கூலிக்குப் போவன். கடல் கிடக்குத்தானே."

நான் கட்டணம் அச்சிட்டிருந்த பக்கத்தைப் பார்த்தேன். அவருடைய தேய்ந்த செருப்பைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன்.

"அண்ணன், உங்கட நிலைக்கு இது தேவல்ல. அரசாங்கத்துல எஞ்சினியரிங் டிப்ளோமா ஒண்டு கிடக்கு. கட்டணம் இல்ல, மாசம் உதவிப்பணமும் குடுப்பாங்க. அடுத்த கிழமையோட விண்ணப்பம் முடியுது. அதுக்குப் போடுங்க, காணும்."

டிலக்சனா தலையைக் குனிந்துகொண்டாள். யோகராசா புத்தகத்தை எடுத்து, ஓரம் மடங்காமல் பையில் வைத்தார்.

"எங்கட நிலை எங்களுக்குத் தெரியும் மிஸ். புள்ளைக்கு எது சரி எண்டு கேக்கத்தான் வந்த நாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. எழுந்து மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுகூட நான் செய்தது பிழையென்று எனக்குப் படவில்லை. ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது என் மேலதிகாரியிடம் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கீசர் வழிவந்தவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அந்தக் கொழும்புக் கல்லூரிய நீ பாத்திருக்கிறியா?"

"இல்ல சேர்."

"டிப்ளோமா குடுக்கிற இடத்த?"

"அதுவும் இல்ல."

"டிப்ளோமா முடிச்ச புள்ளைகள் இப்ப எங்க வேல செய்யுதுகள் எண்டாவது தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையில் அப்போதே பதினெட்டு வருடம் முடித்திருந்தேன்.

"எங்கட அப்பா தச்சன். மரத்தத் தட்டிப் பாக்காம ஒரு பலகையும் வாங்க மாட்டார். நீ நோட்டீசப் பாத்து ஒரு புள்ளைய அனுப்பப் பாக்கிறாய். அந்த மனிசனும் நோட்டீசப் பாத்துத்தான் போட்ட விக்கப் போறார். ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொன்றும் சொன்னார். "பெரிய பேர் எண்டா ஏமாத்து எண்டும் நினைக்காத. சில பேர், உழைச்சு எடுத்த பேர்."

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். கடமை என்று எழுத முடியாது, லீவு போட்டுவிட்டுப் போ என்றார். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி அதுதான். அதற்கு ஒரு சான்றிதழும் தரவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. பஸ் பிடித்து மாங்கேணிக்குப் போனேன். யோகராசா வீட்டுக்கு முன்னால் கரையில் படகைச் சாய்த்து வைத்து, அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாங்க வருகிறவரின் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று பெயின்ற் டின் ஒன்றும் திறந்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நேத்து நான் பேசின பிழை அண்ணன். அதச் சொல்லத்தான் வந்த நான்."

அவர் மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அதைக் குடித்து முடிக்கும்வரை மூன்று பேரும் காற்றைப் பற்றிப் பேசினோம். பிறகு அவராகவே கையை நீட்டிக் காட்டினார். கொஞ்சத் தூரத்தில் ஒரு கொங்கிறீற் இறங்குதுறை. அதன் இரண்டு பக்கமும் மணல் ஏறி மேடாகிக் கிடந்தது. ஒரு படகும் அதில் கட்டியிருக்கவில்லை.

"அது கட்டக்குள்ள நாங்க சொன்ன மிஸ். வாடைக்காத்துக்கு மண் இவடத்ததான் வந்து விழும், கொஞ்சம் வடக்கால கட்டுங்க எண்டு. ஒருத்தரும் காதுல எடுக்கல்ல. கையெழுத்து வைக்கிறவர் பெரிய கம்பஸ்ல படிச்சவராம். அதச் சொன்னதோட எங்கட ஆக்களும் வாய மூடிட்டாங்க. எண்ட புள்ள ஒரு சொல்லுச் சொன்னா நாலு பேர் கேக்கணும். டிப்ளோமாக்காரி சொன்னாக் கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. டிப்ளோமா முடித்தவர் பொறியியலாளருக்குக் கீழே வேலை செய்பவர். வரைபடத்தில் கடைசிக் கையெழுத்து அவருடையதல்ல. இந்த மனிதர் ஊரில் பெருமையடிக்கத்தான் மகளைப் பெரிய கல்லூரிக்கு அனுப்புகிறார் என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளைகளே, "உங்கட நிலைக்கு" என்ற சொல்லை அன்றைக்கு விட்டவள், ஓய்வு பெறும்வரை அந்த மேசையில் மறுபடி சொல்லவில்லை.

"எனக்கும் தெரியா அண்ணன்" என்றேன். "நான் ரெண்டு இடத்தையும் கண்ணால காணல்ல. திங்கக்கிழம காலை ரயிலுக்குப் போய்ப் பாப்பம். போட்ட அதுக்குப் பொறகு வித்தா என்ன?"

"கல்குடாக்காரர் பொறுக்க மாட்டார் மிஸ். வேற போட் பாத்திடுவார். இந்த விலைக்கு மறுகா ஆள் கிடைக்கா."

அதுவரை குசினிக் கதவோரம் நின்ற டிலக்சனா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போய்ப் பாப்பம் அப்பா. போட் போனாப் பொறகு அந்த இடம் எனக்குச் சரிவராட்டி நான் ஆரிட்டச் சொல்ற?"

யோகராசா படகைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், ஒரு கிழமை பொறுங்கள் என்று கல்குடாக்காரருக்குச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்கே கேட்டது.

திங்கட்கிழமை நான் மட்டக்களப்பில் ரயில் ஏறினேன். தகப்பனும் மகளும் வாழைச்சேனையில் ஏறினார்கள். வெள்ளவத்தையில் என் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தனியார் கல்லூரிக்குப் போய் நின்றோம். வெறும் கண்ணாடிக் கட்டடம்தான் இருக்கும், ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும், இவரே பார்த்து மனம் மாறிவிடுவார் என்பது என் எண்ணம்.

நான் நினைத்தபடி இருக்கவில்லை. ஆய்வுகூடங்கள் திறந்திருந்தன, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடைபாதையில் ஒரு விரிவுரையாளர் மூன்று மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து ஏதோ கணக்கை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். யோகராசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தில் சந்தோசம் ஏறிக்கொண்டே போனது. இந்த இடம் நல்லது. இனி நான் இவருக்கு என்ன சொல்லப் போகிறேன்?

தண்ணீர்ப் பம்பிகள் வைத்திருந்த ஒரு கூடத்தில் ஒருவர் பம்பி ஒன்றைக் கழற்றிப் போட்டு, சுற்றி நின்ற மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை ஊழியர் என்று நினைத்தேன். டிலக்சனா அவருடைய கழுத்தில் மாணவர் அட்டை தொங்குவதைக் கண்டிருக்கிறாள். கிட்டப் போய், பாதி ஆங்கிலமும் பாதி சிங்களமுமாக, ஏன் நீங்கள் மட்டும் வயதில் கூடியவராக இருக்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். அரசாங்க டிப்ளோமா முடித்து, சில வருடம் வேலை செய்து, நேரே மூன்றாம் வருடத்தில் சேர்ந்தவராம். கிழமை நாட்களில் வேலை, சனி ஞாயிறில் படிப்பு. அன்றைக்கு லீவு எடுத்து உதவிக்கு வந்திருந்தார்.

பிள்ளை அவரை விடவில்லை. கடைசியில் கிடைப்பது அதே பட்டமா? அதே பட்டம். பொறியியலாளராகப் பதியலாமா? பதியலாம், நானும் பதியத்தான் போகிறேன். கஷ்டமா? முதல் ஆறு மாதம் கணிதம் கழுத்தை நெரிக்கும், டிப்ளோமாவில் நல்ல புள்ளி இல்லாவிட்டால் சேர்க்கவே மாட்டார்கள், எங்களோடு விண்ணப்பித்த பலருக்குக் கிடைக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் வந்து விசாரித்தோம். "ஓம், அப்படியும் சேரலாம். ஆரும் கேக்கிறதில்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வண்ணப் புத்தகத்தில் அந்த வழி இல்லை, அவ்வளவுதான். அந்த நிபந்தனைகளை எழுத்தில் தரமுடியுமா என்று டிலக்சனா கேட்டாள். அந்தப் பெண் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். ஒரு கல்லூரிக்கு நடுவிலும் ஒரு வாசல் இருக்கலாம் என்பதை, பதினெட்டு வருடம் வழிகாட்டியாக இருந்த நான், வழி கேட்டு வந்த பிள்ளையிடம் படித்தேன். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்கவும் அவளிடம்தான் படித்தேன்.

அடுத்த நாள் டிப்ளோமா நிறுவனத்துக்குப் போனோம். சுவரில் மழைக்கறை. இரண்டு இயந்திரங்கள் பழுதாகித் துணி போர்த்திக் கிடந்தன. நூலகம் சின்னது. விடுதி இல்லை, வெளியே அறை எடுக்க வேண்டும். முற்றத்தில் மாணவர்கள் வெயிலில் நின்று நில அளவை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு நின்ற ஆசிரியை, ஒருவனுடைய அளவு பிழையென்று மூன்று முறை திரும்ப எடுக்க வைத்தார். போன வருடம் முடித்தவர்கள் எங்கே என்று டிலக்சனா அவரிடம் கேட்டாள். பாதிப் பேருக்கு மேல் வேலையில், சிலர் வெளிநாட்டில், சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

யோகராசாவுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. எனக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதை உங்களுக்கு ஒளிக்கத் தேவையில்லை.

பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அப்பால் கிடந்த கல்லுகளில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று என் வாய் துடித்தது. மேலதிகாரியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"உனக்கு எது புடிச்ச?" என்று யோகராசா மகளைக் கேட்டார்.

"முதல் பாத்த இடம்."

"அப்ப அதுக்கே போ புள்ள. நான் போட்டக் குடுக்கிறன்."

"போவன் அப்பா. அந்த மூண்டாம் வருச வாசலால போவன். போட் கிடக்கட்டும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அங்க மறுகா எடுக்காட்டி?"

"எடுக்காட்டியும் கையில டிப்ளோமா கிடக்கும், ஒரு வேலையும் கிடக்கும். இப்ப அங்க சேந்து ரெண்டாம் வருசத்துல காசு முடிஞ்சா என்னட்ட என்ன கிடக்கும்? உங்களிட்டயும் போட் இல்ல."

கடல் இரைந்துகொண்டிருந்தது. ரயில் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.

"ஊருல எல்லாருக்கும் கம்பஸ் எண்டு சொல்லிப்போட்டனே புள்ள."

"பொய்யில்லத்தானே. கொஞ்சம் பிந்தும் எண்டு சொல்லுங்க."

அவர் சிரித்ததை அந்தப் பயணத்தில் அப்போதுதான் கண்டேன். சிரித்தாலும் அவருக்கு அது வலித்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஊருக்குத் திரும்பினோம். விண்ணப்பம் முடிய ஒரு நாள் இருக்கும்போது டிலக்சனாவின் படிவத்தை அனுப்பினேன்.

இதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடம் ஆங்கிலத்தில் பாடம் விளங்காமல் அவள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். கொரோனாக் காலத்தில் வகுப்புகள் இழுபட்டன. சந்தையில் கண்டால் யோகராசா ஒரு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வேறொரு தனியார் கல்லூரியில் சேர்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தான். அவர் அதைப் பார்க்கும் நேரமெல்லாம் என்னை நினைத்திருப்பார்.

பிறகு நாடு கடனில் விழுந்து டொலர் ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாமல் மாங்கேணியில் படகுகள் மாதக்கணக்கில் கரையில் கிடந்தன. யோகராசாவின் படகும்தான். அதற்குள் டிலக்சனா டிப்ளோமாவை முடித்து ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய சம்பளத்தில்தான். வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த சில பெற்றோர் அந்த நேரத்தில் என்னிடம் வந்து அழுதார்கள். இதெல்லாம் வருமென்று நான் முன்கூட்டியே கண்டேன் என்றால் அது பொய். ஒருவரும் காணவில்லை. ஆனால் கடற்கரையில் அவள் கேட்ட கேள்வியை, காசு நடுவில் முடிந்தால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை, அதற்குப் பிறகு என் முன்னால் வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டேன். அரசாங்க உத்தியோகத்தரிடமும் கேட்டேன், கடைக்காரரிடமும் கேட்டேன். செருப்பைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யவில்லை.

மூன்றாம் வருடத்துக்கு அவள் முதல்முறை விண்ணப்பித்தபோது எடுக்கவில்லை. கணிதத்தில் புள்ளி போதவில்லை. அவள் சனி ஞாயிறு ஒரு வகுப்புக்குப் போய்க் கணிதத்தைத் திரும்பப் படித்தாள். அடுத்த வருடம் எடுத்தார்கள். இப்போது கடைசி வருடம். கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து அவளே கட்டுகிறாள்.

போன மாதம் ஒரு காலை யோகராசா போன் எடுத்தார். கதிரவெளியில் அவருடைய கூட்டாளி ஒருவரின் மகனுக்கும் இதே கதைதான், வெட்டுப்புள்ளி போதவில்லை, பொறியியல் படிக்க ஆசை. ஆளை என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், பேசுவோம் என்றேன்.

"தேவல்ல மிஸ். போன கிழம நானே தகப்பனையும் பெடியனையும் கூட்டிட்டுப் போய் எல்லா இடத்தையும் காட்டிட்டு வந்துட்டன்."

"நல்லம் அண்ணன். அப்ப டிப்ளோமாவுக்குத்தானே போடுறான்?"

"இல்ல மிஸ். அவன் முதல் வருசத்திலயே கொழும்புக் கல்லூரியில சேர்றான்."

எனக்குக் கொஞ்சம் திடுக்கிட்டது. ஏனென்று கேட்டேன்.

"அவன் படிக்க ஆசப்படுற பாடம் டிப்ளோமாவுல இல்லவே இல்ல. பரீட்சை வச்சு அரைவாசிக் கட்டணத்தக் கழிச்சிருக்காங்க, நாலு வருசத்துக்கும். அத எழுத்துல வாங்கிட்டம். நிக்கிறதுக்கு மாமிட வீடு கிடக்கு. தகப்பன்ட வள்ளத்துல கை வைக்கத் தேவல்ல. அவனுக்கு அதுதான் மிஸ் சரி."

ஒன்றொன்றாக யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் இதைவிட நன்றாகப் பார்த்திருக்க மாட்டேன். அதை அவரிடமே சொன்னேன்.

அவருக்குப் பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாழைச்சேனை ஸ்டேசன்ல மிஸ். நாளைக்குப் பதியப் போறம். பெடியன் நல்லாத்தான் நிக்கிறான், தகப்பன்தான் பயந்து சாகிறார். அதான் நானும் போறன். ரயில் வருது, வைக்கிறன் என்ன."

அவர் போனை நிறுத்த மறந்துவிட்டார். ரயில் சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் கேட்டது. "ஏறுங்க, ஏறுங்க, ஜன்னல் பக்கம் பெடியனுக்கு விடுங்க!"